யூரின்ல ஈஸ்ட்னு ரிப்போர்ட் வந்தா முதல்ல ட்யூபைப் பத்திக் கேளுங்க

கேள்வி: வணக்கம்ங்க டாக்டர். நாங்க சேலம் அம்மாபேட்டை. என் மாமனாருக்கு 71 வயசு, ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல மேஸ்திரியா இருந்தவரு, இப்பவும் அத்தையோட மலைலதான் இருக்காரு. சுகருக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுறாரு. போன மாசம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணோம், கொஞ்ச நாள் ஐசியூ, அப்புறம் வார்டு. அப்ப போட்ட யூரின் ட்யூபோடவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எடுத்த யூரின் கல்ச்சர்ல, அதாங்க கிருமியை வளர்த்துப் பாக்குற டெஸ்ட்ல, கேண்டிடா ட்ராபிகாலிஸ்னு ஒரு ஈஸ்ட், பூஞ்சை வகை, வந்துச்சு, அதுக்கு ஃப்ளூகோனசோல் 200 தினமும் ஒண்ணுன்னு 14 நாளைக்கு எழுதினாங்க. ஒரு வாரம் கழிச்சு பேக்லருந்து யூரின் பிடிச்சு என் பையன் பைக்ல கீழ கொண்டுவந்து லேப்ல குடுத்தான், இப்ப ஒரு லட்சம் காலனிக்கு மேலன்னு வந்திருக்கு, பஸ் செல்ஸ்ங்குற சீழ் அணுவும் நிறைய. காய்ச்சல், வலி எதுவும் இல்ல. விடியக்காலம் மட்டும் வேர்த்து நடுங்குறாரு, மலைக்குளிருன்னு அத்தை கம்பளி போத்தி விடுறாங்க. மருந்து வேலை செய்யலையா? இது அந்த கருப்பு பூஞ்சை மாதிரியா? வீட்ல குழந்தைங்களுக்கு ஒட்டுமா? ஆஸ்பத்திரி சுத்தமில்லாததாலதான் வந்துச்சா?

பதில்: வணக்கம்மா. நீங்க கடைசில போற போக்குல எழுதினதத்தான் நான் முதல்ல எடுத்துக்குறேன், மத்த கேள்வியெல்லாம் ரெண்டு நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது. குளிர்ல நடுங்குறவருக்கு வேர்க்காதும்மா. கம்பளிக்குள்ள வேர்த்து ஊத்தி நடுங்குறாருன்னா அது ஏற்காட்டுக் குளிர் இல்ல, பெரும்பாலும் சுகர் இறங்குறது. ஃப்ளூகோனசோல் மாத்திரை, கிளிமிபிரைடு உடம்புல கரைஞ்சு வெளியேறுறதத் தடுக்கும், அதனால அவரு வழக்கமா சாப்பிடுற அதே ஒரு மாத்திரை ரெண்டு மாத்திரை சாப்பிட்ட அளவுக்கு வேலை செய்யலாம், அதுலயும் ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடு குறைஞ்சிருக்கும், ராத்திரி ரெண்டு இட்லியோட படுத்திருப்பாரு, கிட்னி வேகமும் அந்த வயசுல கொஞ்சம் கம்மியாதான் இருக்கும், எல்லாம் சேர்ந்து விடியக்காலத்துல சுகரை இழுத்துக் கீழ போட்டுரும்.

வீட்ல குளுக்கோமீட்டர் இல்லைன்னா இன்னைக்கே வாங்கி மேல அனுப்பிடுங்க. நடுங்குறப்ப ஒரு தடவை, நடுங்கலைன்னாலும் விடியக்காலம் மூணு நாலு மணிக்கு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. 70க்குக் கீழ இருந்தா உடனே மூணு ஸ்பூன் சக்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுக்கணும், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கணும், அப்புறம் ஏதாச்சும் சாப்பிட வைக்கணும், அடுத்த வேளை கிளிமிபிரைடைக் குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசியே ஆகணும். அரை மயக்கத்துல இருந்தா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும், 108க்குக் கூப்பிட்டு ஏற்காடு ஜிஹெச்சுக்குக் கொண்டுபோங்க. கிளிமிபிரைடுனால இறங்குன சுகர் ஒரு தடவை ஏத்தி விட்டாலும் சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப இறங்கும், அதனால சக்கரைத் தண்ணி குடிச்சாரு தெளிஞ்சுட்டாருன்னு விட்டுராதீங்க. கூடவே தெர்மாமீட்டரும் வைக்கச் சொல்லுங்க. ட்யூப் இருக்குற ஆளு நடுங்குறப்ப உடம்பு சுட்டா அது வேற விஷயம், கிருமி ரத்தத்துக்குப் போற நடுக்கம் அது, அன்னைக்கே கீழ கூட்டிட்டு வந்துரணும்.

சரி, இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான் மைக்ரோபயாலஜி டாக்டர், இந்த மாதிரி ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறதுதான் என் வேலை, அதனால அந்தப் பேப்பர் எதைச் சொல்லுது எதைச் சொல்லலன்னு என்னால தெளிவாச் சொல்ல முடியும். யூரின்ல கேண்டிடா வளர்ந்துச்சுன்னு மட்டும்தான் அது சொல்லுது. அது உங்க மாமனாரோட மூத்திரப்பைச் சுவத்தைப் பிடிச்சிருக்கா, இல்ல ட்யூப்ல ஒட்டிக்கிட்டு சும்மா இருக்கான்னு அந்தப் பேப்பருக்குத் தெரியாது. பாக்டீரியாவுக்கு ஒரு லட்சம் காலனி, அதாவது பிளேட்ல வளர்ற கிருமிக் கூட்டம், இருந்தா நோயா இருக்கலாம்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம், ஆனா ஈஸ்ட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது, ட்யூப் இருக்குறவங்களுக்குச் சுத்தமா செல்லாது. பத்தாயிரமா இருந்தாலும் நோயா இருக்கலாம், ஒரு லட்சம் இருந்தாலும் ஒண்ணுமில்லாம இருக்கலாம். பஸ் செல்ஸும் அப்படித்தான். ரப்பர் ட்யூப் ஒண்ணு நாள்கணக்கா உள்ள உரசிட்டுக் கிடந்தா பஸ் செல்ஸ் வரத்தான் செய்யும், அதைப் பாத்துட்டு இன்னும் ஒரு ஆன்டிபயாடிக் போடுறதுதான் நான் ரொம்ப வருத்தப்படுற விஷயம், ஏன்னா ஈஸ்ட் வளர்றதுக்கு அதுவேதான் தீனி.

ரெண்டாவது ரிப்போர்ட்டை வச்சு மருந்து வேலை செய்யலன்னு முடிவு கட்டாதீங்க, அது பயப்படக்கூடிய ரிப்போர்ட்டே இல்ல. பேக்ல இருக்குற யூரின் பல மணி நேரமா அங்கயே தேங்கி நிக்கிறது, அதுல கிருமி தன்பாட்டுக்குப் பெருகிட்டு இருக்கும். அதை ஒரு டப்பால பிடிச்சு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் தாண்டி, சேலத்து வெயில்ல லேப் வர்றதுக்குள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், வந்ததும் உடனே கிருமி வளர்க்குற பிளேட்ல போட்டாங்களா இல்ல டேபிள் மேல கொஞ்ச நேரம் இருந்துச்சா, யாருக்குத் தெரியும். யூரின் எடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல போடணும், முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு ஐஸ் பாக்ஸ்லதான் கொண்டு வரணும். ட்யூப் இருக்குறவங்களுக்கு பேக்லருந்து எடுக்கவே கூடாது, ட்யூப்ல சாம்பிள் எடுக்குறதுக்குன்னே ஒரு இடம் இருக்கும், அதை ஸ்பிரிட் வச்சுத் துடைச்சுட்டு சிரிஞ்சால உறிஞ்சணும், ட்யூப் போட்டு ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா பழைய ட்யூபை எடுத்துட்டுப் புதுசு போட்டு அதுலருந்து எடுக்குறதுதான் உண்மையைச் சொல்லும். உங்க பையன் பாவம் அக்கறையாத்தான் கொண்டுவந்து குடுத்திருக்கான், அவனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, சாம்பிள் டப்பாவை வாங்கி வைக்கிற இடத்துலயே எங்கருந்து எடுத்தீங்க எப்ப எடுத்தீங்கன்னு கேட்டிருக்கணும்.

இது எப்படி வந்துச்சுன்னு கேட்டிருந்தீங்க. கேண்டிடா வெளியூர்க் கிருமி இல்ல, உங்க வயித்துல, என் வாய்ல, எல்லார் தோல்லயும் கொஞ்சம் இருக்குறதுதான். நல்லா இருக்குறப்ப குடல்ல இருக்குற பாக்டீரியா அதை அடக்கி வச்சிருக்கும். ஆபரேஷன், ஐசியூன்னு வந்ததும் பெரிய பெரிய ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டியிருக்கும், அது பாக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்ட்டை ஒண்ணும் பண்ணாது, அப்ப இதுக்கு இடம் கிடைச்சுருது. சுகர் இருந்தா யூரின்ல குளுக்கோஸ் இறங்கும், அது இன்னும் வசதி. கடைசியா உள்ள ஏறி வர்றதுக்கு ஒரு ட்யூபை நாமளே வச்சுக் குடுக்குறோம். ட்யூப்ல போய் ஒட்டுன ஈஸ்ட் சும்மா இருக்காது, தண்ணித் தொட்டி சுவத்துல பாசி பிடிக்கிற மாதிரி வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கும், அந்தப் படலத்துக்குள்ள இருக்குறதுகிட்ட மாத்திரை சரியாப் போய்ச் சேராது. மாத்திரை சாப்பிட்டும் ஏன் போகலைங்குறதுக்கு பாதி பதில் இதுதான், ட்யூப் உள்ளயே இருக்கு, படலமும் உள்ளயே இருக்கு. அட்மிட் ஆகி 48 மணி நேரத்துக்கு அப்புறம் வர்றதை ஆஸ்பத்திரில வந்த தொற்றுன்னுதான் நாங்க கணக்கு வைப்போம், ஆனா அதுக்கு அர்த்தம் தரை துடைக்கல, பெட்ஷீட் மாத்தலன்னு இல்ல. பெரும்பாலும் அவரோட சொந்த உடம்புலருந்தேதான் வந்திருக்கும். ஆஸ்பத்திரியைக் கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு, அந்த ட்யூப் ஏன் இத்தனை நாள் உள்ள இருக்குங்குறதுதான் அது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். இடுப்பு ஆபரேஷனுக்கு ட்யூப் போடுறது நியாயம்தான், எழுந்து போக முடியாது, எவ்வளவு யூரின் போகுதுன்னு ஐசியூல கணக்கும் பாக்கணும். ஆனா ஒண்ணு ரெண்டு நாள்ல அதை எடுக்க முடியுமான்னு பாக்கணும், அப்புறம் தினமும் காலைல ரவுண்ட்ஸ்ல இது இன்னைக்கும் தேவையான்னு ஒருத்தர் கேக்கணும். கேக்க ஆள் இல்லாததாலதான் பல பேரு ட்யூபோடவே வீட்டுக்கு வர்றாங்க, பெட்ஷீட் நனையாது, பாத்ரூம் தூக்கிட்டுப் போக வேண்டாம், சொந்தக்காரங்களுக்கும் அது சௌகரியமா இருக்குறதால அவங்களும் கேக்குறதில்ல. இது உங்களைக் குத்தம் சொல்றதுக்கு எழுதல, மலை வீட்ல வயசான அத்தை ஒருத்தரா அவரைத் தூக்கி உக்கார வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியுது. ஆனாலும் ஆம்பளைங்களுக்கு யூரின் பாட்டில் இருக்கு, வெளியிலயே மாட்டுற காண்டம் கதீட்டர் இருக்கு, டயப்பர் இருக்கு, இது மூணுமே உள்ள கிடக்குற ட்யூபை விட எவ்வளவோ மேல்.

மருந்தைப் பத்தி. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, எரிச்சல் இல்லன்னு எழுதியிருக்கீங்க. இப்படி அறிகுறியே இல்லாம ட்யூப் இருக்குறவங்க யூரின்ல ஈஸ்ட் வந்தா மருந்து வேண்டாம், முதல்ல ட்யூபை எடுங்க, தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்துங்க, சுகரைக் கட்டுப்படுத்துங்கன்னுதான் 2016ல அமெரிக்கத் தொற்றுநோய் டாக்டர்கள் சங்கம் போட்ட வழிகாட்டி சொல்லுது. அதுக்குப் பின்னால ஆய்வு இருக்கு. 2000ல வெளிவந்த ஒரு ஆய்வுல ஆஸ்பத்திரில இருந்த 316 பேரை எடுத்து பாதிப் பேருக்கு ஃப்ளூகோனசோல் 200 மில்லிகிராம் 14 நாள், மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை குடுத்துப் பாத்தாங்க. மருந்து முடிஞ்ச அன்னைக்கு மருந்து சாப்பிட்டவங்களுக்கு நல்லாத்தான் போயிருந்துச்சு, ஆனா இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல. மருந்தே இல்லாம ட்யூபை எடுத்ததுலயே கணிசமான பேருக்கு ஈஸ்ட் தானாப் போயிருந்துச்சு. இன்னொண்ணும் சொல்றேன், அமெரிக்காவுல ஆஸ்பத்திரித் தொற்றுக் கணக்கு எடுக்குற சிடிசி, 2015 ஜனவரிலருந்து ட்யூப்னால வர்ற யூரின் இன்ஃபெக்ஷன் கணக்குல ஈஸ்ட்டைச் சேர்க்கவே கூடாதுன்னு விதியை மாத்திருச்சு, ஏன்னா அதுல பெரும்பாலும் நோயே கிடையாது.

இதுக்காக நீங்களா இன்னைக்கு மாத்திரையை நிறுத்திட வேண்டாம். அவருக்கு ஏதாச்சும் ஒரு நேரம் காய்ச்சல் இருந்து அதுக்காக எழுதியிருக்கலாம், டிஸ்சார்ஜ் சம்மரில என்ன இருக்குன்னு நான் பாக்கல. எழுதின டாக்டர்கிட்டயே ரெண்டு கேள்வி கேளுங்க: இவருக்கு எந்த அறிகுறிக்காக இந்த மாத்திரை, சுகர் இறங்குறதால இதைத் தொடரலாமா. இந்த ரெண்டையும் கேட்டா எந்த டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பாத்தீங்களான்னும் கேளுங்க, ஃப்ளூகோனசோல்ல பெரும்பகுதி அப்படியே யூரின் வழியாத்தான் வெளிய போகுது, அதனாலதான் அது யூரின் ஈஸ்ட்டுக்கு நல்ல மருந்தா இருக்கு, அதனாலதான் கிட்னி மெதுவா வேலை செஞ்சா டோஸைப் பாதியாக் குறைக்கணும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க, வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுறவங்க இந்த மாத்திரையோட இன்னும் எச்சரிக்கையா இருக்கணும். மெடிக்கல்ல ஒத்த மாத்திரையா 150னு விக்குறாங்களே அது பொம்பளைங்களுக்கு வர்ற வெள்ளைப்படுதல் ஈஸ்ட்டுக்கு, அதை வாங்கி இதுக்குப் போடாதீங்க.

கட்டாயம் மருந்து குடுக்க வேண்டியவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடணும். காய்ச்சல், விலாப்பக்கம் வலி, அடிவயித்து வலின்னு உண்மையான அறிகுறி இருக்குறவங்க, கீமோதெரபில வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சவங்க, ஒன்றரைக் கிலோவுக்கும் கம்மியாப் பிறந்த குழந்தைங்க, அப்புறம் கல்லு எடுக்குறது ஸ்டென்ட் வைக்கிறதுன்னு யூரின் பாதைல கைவைக்கப் போறவங்க. ஐசியூல காய்ச்சலோட பிபி இறங்கிக் கிடக்குறவருக்கு யூரின்ல ஈஸ்ட் வந்தா, ரத்தத்துலயும் இருக்கான்னு பிளட் கல்ச்சர் எடுத்துப் பாக்கணும், அங்க யூரின் ஒரு தடயம் மாதிரி. பிளட்ல இருந்தா காஸ்போஃபன்ஜின், மைக்காஃபன்ஜின் மாதிரி விலை கூடின ஊசியெல்லாம் உயிர் காக்குற மருந்து, ஆனா வெறும் மூத்திரப்பை ஈஸ்ட்டுக்கு அதைப் போட்டுப் பெருசாப் பயனில்ல, அது யூரின்ல போதுமான அளவு இறங்கவே இறங்காது. கடன் வாங்கி அந்த ஊசிக்குக் கட்டுறவங்க இருக்காங்க, அதனால இது எங்க இருக்குற ஈஸ்ட்டுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குறது நல்லது.

உங்க மாமனாருக்கு வந்திருக்குற ட்ராபிகாலிஸ் நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்ல சகஜமாப் பாக்குறதுதான், பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்குக் கேக்கும். கேண்டிடாலயே குருசேய்னு ஒரு வகை இருக்கு, அது இந்த மருந்துக்குக் கேக்கவே கேக்காது, கிளாப்ராட்டா பல சமயம் கேக்காது, அதனாலதான் வெறும் ஈஸ்ட் செல்ஸ்னு எழுதி விடாம என்ன வகைன்னு லேப் சொல்லணும்குறது. ஆரிஸ்னு 2009ல ஜப்பான்ல முதல்ல கண்டுபிடிச்ச வகை ஒண்ணு இருக்கு, அது வார்டுல ஆளுக்கு ஆள் சுலபமாப் பரவும், அது வந்திருந்தா உங்களுக்குத் தனியாச் சொல்லியிருப்பாங்க. 2021 கொரோனா அலைல நாம பயந்த கருப்பு பூஞ்சை வேற குடும்பம், அது மூக்கு கண்ணு மூளைன்னு திசுவைத் தின்னுக்கிட்டுப் போறது, இதுக்கும் அதுக்கும் ஃபங்கஸ்ங்குற பேரைத் தவிர சம்பந்தம் இல்ல. குழந்தைங்களுக்கு ஒட்டாது, தாத்தா மடில உக்காரட்டும், பக்கத்துல படுக்கட்டும். பேக்கைக் காலி பண்றவங்க முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், அது போதும்.

ட்யூப் எடுக்குற வரைக்கும் பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், ஆனா தரைல படக்கூடாது, ட்யூப் மடங்கக்கூடாது, பேக்கையும் ட்யூபையும் அடிக்கடி கழட்டி மாட்டக்கூடாது. சிலர் டெட்டால் தண்ணி ஊத்திக் கழுவுறாங்க, ஆஸ்பத்திரிலயே சில இடத்துல மருந்துத் தண்ணி விட்டு மூத்திரப்பையை அலசுறாங்க, டாக்டர் சொல்லாம அதெல்லாம் வேண்டாம், வெளில தெரியுற இடத்தை குளிக்கிறப்ப சோப்புத் தண்ணில கழுவுனா போதும். அத்தை பார்லித் தண்ணி குடுக்குறாங்கன்னா குடுக்கட்டும், நல்லா யூரின் போகும், ஆனா ஈஸ்ட்டை அது போக்காது. டாப்பாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின்னு யூரின்ல சக்கரையை இறக்குற சுகர் மாத்திரை ஏதாச்சும் புதுசாச் சேர்த்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, அந்த இடத்துல ஈஸ்ட் வர்றதுக்கு அது ஒரு காரணம்.

இப்ப செய்ய வேண்டியது, சுகர் விஷயம் இன்னைக்கு, ட்யூப் விஷயம் இந்த வாரம். எலும்பு டாக்டரைப் பாக்கத் திரும்ப வரச் சொல்லியிருப்பாங்கல்ல, அந்த நாளுக்காகக் காத்திருக்காம ஃபோன் பண்ணி ட்யூபை எப்ப எடுக்கலாம்னு கேளுங்க. 71 வயசு ஆம்பளைக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்கலாம், எடுத்ததும் யூரின் அடைச்சுக்கலாம், அதனால அதுக்கு மாத்திரை குடுத்து ரெண்டு மூணு நாள் கழிச்சு எடுத்துப் பாப்பாங்க, மலச்சிக்கல் இருந்தாலும் யூரின் அடைக்கும், அதை முன்னாடியே சரி பண்ணிக்கோங்க. காலைல எடுக்குற மாதிரி வச்சுக்கோங்க, பகல்ல ஏதாச்சும்னா ஓடலாம், ராத்திரி மலைலருந்து இறங்குறது கஷ்டம். தனியார்ல முடியலைன்னா சேலம் ஜிஹெச், நம்ம மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்ல யாரும் ட்யூபை இழுத்துறவோ வெட்டிறவோ கூடாது, உள்ள தண்ணி நிரப்பின பலூன் இருக்கு, அதை சிரிஞ்சால இறக்கிட்டுத்தான் உருவணும். எடுத்து ஆறு மணி நேரத்துல யூரின் போகலைன்னா, இல்ல அடிவயிறு கல்லு மாதிரி உப்பிக்கிட்டு வந்தா, உடனே ஆஸ்பத்திரி. அவருக்கு வேற காரணத்தால எடுக்கவே முடியாதுன்னு சொன்னாங்கன்னா, அந்தப் பழைய ட்யூபையாவது மாத்திடணும், ரப்பர் ட்யூபை 4 வாரத்துக்கு மேல விடக்கூடாது, முழு சிலிக்கான் ட்யூப் 12 வாரம் வரைக்கும் தாங்கும்.

ட்யூப் எடுத்ததுக்கு அப்புறம் நல்லா யூரின் போயி, காய்ச்சல் எரிச்சல் இல்லாம இருந்தாருன்னா, போயிருச்சான்னு பாக்குறேன்னு இன்னொரு கல்ச்சர் குடுக்காதீங்க, அதுல நாலு காலனி வரும், அதுக்கு ஒரு மாத்திரை வரும், மறுபடி சுகர் இறங்கும். ஏதாச்சும் தொந்தரவு வந்தா மட்டும் அவரையே கீழ கூட்டிட்டு வந்து, லேப்லயே முதல்ல வர்ற யூரினை விட்டுட்டு நடு யூரினாப் பிடிச்சுக் குடுங்க.